குழாய் உடைந்த அந்த நொடியில்

சிங்கப்பூரின் தோ பாயோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "எங்க புளோக் பக்கத்துல தண்ணிக்குழாய் உடைஞ்சுது. யாரும் போன் பண்றதுக்கு முன்னாடியே ஆளுங்க வந்துட்டாங்க. எப்படித் தெரிஞ்சுது?"

சிங்கப்பூரில் குடிநீர்க் குழாய்களின் நீளம் 5,000 கிலோமீட்டருக்கும் அதிகம். எந்தச் சந்திப்பிலும் உள்ளே வரும் நீரும் வெளியே போகும் நீரும் சமம். எந்தக் குழாயில் எவ்வளவு நீர் ஓடும் என்று 1936இல் பொறியாளர் ஹார்டி கிராஸ் இதை வைத்துக் கையால் போட்ட கணக்கைக் கணினி இப்போது நொடியில் முடித்துவிடும். என்னை மயக்குவது அதற்கு அடுத்த கட்டம்.

வீட்டில் குழாயைச் சட்டென மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று கேட்கும். ஓடிவந்த நீர் திடீரென நின்றதால் எழுந்த அழுத்த அலை அது. குழாய் வெடித்தால் நேர்மாறு: அழுத்தம் சரிந்து, அந்தச் சரிவே அலையாக இரு பக்கமும் பாய்கிறது. இரும்புக் குழாயில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 1,000 மீட்டர்.

ஒரு கிலோமீட்டர் இடைவெளியில், அழுத்தத்தை அளக்கும் இரண்டு உணரிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அலை தொட்டு 0.4 நொடி கழித்து மற்றதைத் தொடுகிறது. அப்படியானால் பாதைகளின் வித்தியாசம் 400 மீட்டர். உடைப்பு முதல் உணரியிலிருந்து 300 மீட்டரில், மற்றதிலிருந்து 700 மீட்டரில். கடிகாரம் கால் நொடி பிசகினால் வித்தியாசம் 250 மீட்டர் மாறும்; அதில் பாதி, 125 மீட்டர் தள்ளித் தோண்டுவோம்! அதனால்தான் உணரிகள் ஜிபிஎஸ் நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன. கிளை பிரியும் வலையில் கணினி ஒவ்வொரு சந்திப்பையும் 'இங்கே உடைந்திருந்தால் அலை எப்போது எங்கே போய்ச் சேரும்?' என்று சோதித்து, அளந்த நேரங்களோடு பொருந்தும் இடத்தைத் தேர்கிறது.

தண்ணீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து இதை இங்கே சாலைக்கடியில் சோதித்தார்கள். பல்கலைக்கழக ஆய்வுக்கு ஏன் இத்தனை பணம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நிலத்தடி நீரோட்டம் பார்க்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்னும் உண்டு. பிரிட்டனிலும் சில தண்ணீர் நிறுவனங்களின் ஊழியர்கள் வளைந்த கம்பிகளால் கசிவு தேடியது 2017இல் தெரியவந்தது. தண்ணீர் இருக்கும் இடத்தை மறைத்து வைத்துச் சோதித்தபோது அந்த முறைகள் குருட்டு ஊகத்தைத் தாண்டவில்லை. தண்ணீருக்கு மலேசியாவின் ஜொகூரையும், கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரையும் நம்பியிருக்கும் தீவு, ஊகத்தில் தோண்டக் கூடாது.

மெல்லக் கசியும் குழாயில் இந்த அலை எழுவதில்லை. அதற்கு இன்றும் நள்ளிரவில், வாகனச் சத்தம் அடங்கியபின், வால்வின் மேல் கம்பியை ஊன்றி ஒருவர் காதை வைத்துக் கேட்கிறார்.