தெரு வரைய வருகிறோம், பொறுப்புக்கு ஏன் வருவதில்லை?

பதினான்கு வருடங்களாகப் புவித்தகவல் துறையில் வேலை பார்க்கிறேன். பகலில் அலுவலகத்துக்கு வரைபடம், இரவில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு வரைபடம்; யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையலாம், யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்ற உலக வரைபடம் அது. பயிற்சி கொடுக்கப் போகும் இடங்களில் எல்லாம் ஒரு கேள்வி கேட்பேன்: "இந்த வரைபடத்தை நடத்துவது யார்?" கூகுள் என்பார்கள், அரசாங்கம் என்பார்கள். வருடக்கணக்கில் தெருத் தெருவாக வரைந்தவர்கள் "நாம்தான்" என்பார்கள். அது பாதி விடை. மீதியை எழுதத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்டீவ் கோஸ்ட் 2004-ல் இங்கிலாந்தில் இந்தத் திட்டத்தைத் தொடங்கினார். 2006-ல் இதைத் தாங்குவதற்கென்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பவுண்டேஷன் அங்கேயே பதிவானது. அதன் போர்டில் ஏழு பேர். யாருக்கும் சம்பளம் இல்லை. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தச் சாலையை எப்படி வரைவது என்று போர்டு சொல்வதில்லை. சர்வர், நன்கொடை, உரிமம், வழக்கு வந்தால் பதில் சொல்வது என்று பின்னால் இருக்கும் வேலைதான் அவர்களுடையது. அப்புறம் பணிக்குழுக்கள் இருக்கின்றன. சர்வர்களைக் கவனிக்க ஒன்று, உரிமத்துக்கு ஒன்று, உறுப்பினர் சேர்க்கைக்கு ஒன்று, தரவுத் தகராறுகளுக்கு ஒன்று. பெரும்பாலும் உங்களையும் என்னையும் போல வேலை முடிந்து வந்து உட்காரும் தன்னார்வலர்கள்தான் இவற்றில் இருக்கிறார்கள்.

பொறுப்பு என்றால் என்ன என்பது எனக்கு ஒரு கல்லூரிப் பயிற்சியில்தான் புரிந்தது. மாணவர்கள் இரண்டே நாளில் ஊர்க் கடைத்தெரு முழுவதையும் நிரப்பிவிட்டார்கள். எல்லோரும் கைதட்டினோம். அடுத்த வாரம் நிதானமாகப் பார்த்தபோது வயிறு கலங்கியது. பாதிக் கடைகளின் பெயர்கள் ஒரு வணிக வரைபடத்தில் இருந்த எழுத்துப் பிழையோடு அப்படியே வந்திருந்தன. நம் தரவு 2012 முதல் ஓடிபிஎல் என்ற திறந்த தரவு உரிமத்தின்கீழ் எல்லோருக்கும் தரப்படுகிறது. அடுத்தவர் உரிமையுள்ள தரவு அதில் கலந்தால், எடுத்துப் பயன்படுத்தும் எல்லோருக்கும் சிக்கல். அழித்துத்தான் ஆக வேண்டும்.

அவர்கள் ஏற்றிய திருத்தத் தொகுப்புகளை, அதாவது சேஞ்ச்செட்டுகளை, பழைய நிலைக்குத் திருப்ப ஒரு மணி நேரம் ஆனது. அதைப் பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல் வகுப்பிலேயே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியது என் கடமை, சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாணவி அழுதேவிட்டாள். அடுத்த சனிக்கிழமை அவர்களோடு அதே கடைத்தெருவில் நடந்து, கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் ஏற்றினோம். வந்தது பாதிப் பேர்தான். அந்த மாணவியும் வந்திருந்தாள்.

தரவுப் பணிக்குழு உலகம் முழுக்கச் செய்வது இந்த மாதிரி வேலைதான். காப்பியடித்த தரவு, வேண்டுமென்றே செய்த நாசம், எல்லைத் தகராறு எல்லாம் அவர்களிடம்தான் போகும். எல்லைக்கு அவர்களுடைய அளவுகோல், தரையில் இன்று என்ன நிலவரமோ அதை வரைவது. கேட்க எளிதாக இருக்கும். 2018-ல், ரஷ்யாவும் உக்ரைனும் உரிமை கோரும் கிரிமியா விஷயத்தில் அந்தக் குழு எடுத்த முடிவைப் போர்டே மாற்றியது. இரண்டு பக்கமும் கோபம், இரண்டு பக்கமும் நியாயம். அதே வருடம் போர்டுத் தேர்தல் நெருங்கும்போது இந்தியாவில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த நூறு பேர் பவுண்டேஷனில் உறுப்பினராக விண்ணப்பித்தார்கள். உறுப்பினர் பணிக்குழு அதை விசாரித்து அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அந்தத் தன்னார்வலர்கள் அசந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நம் பக்கத்து ஆட்கள் இந்த இடங்களில் மிகக் குறைவு. வரைபடத்தில் எது என்ன வகை என்று குறிக்க நாம் போடும் அடையாளச் சொற்கள்தான் டேக்குகள்; சாலை வகைகளுக்கான டேக்குகளே பிரிட்டன் சாலைகளைப் பார்த்து உருவானவை. கண்மாய்க்கும் ஊருணிக்கும் எதைப் போடுவது என்று நாம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். டேக்கைப் போர்டு தீர்மானிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் பணம் எங்கே போகிறது, எந்த ஊர்ச் சமூகத்துக்குக் கை கொடுப்பது என்பதெல்லாம் பேசப்படும் இடத்தில், மழைக்காலத்தில் ஒரு கிராமத்துச் சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

பவுண்டேஷனில் உறுப்பினராக வருடக் கட்டணம் 15 பவுண்டு. கடந்த ஒரு வருடத்தில் 42 நாள் வரைபடத்தில் பங்களித்திருந்தால் கட்டணமே வேண்டாம், விண்ணப்பித்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு கட்டடம் வரைந்தாலும் அது ஒரு நாள்தான். ஓட்டுப் போடவும் போட்டியிடவும் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பே உறுப்பினராகியிருக்க வேண்டும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். ஓட்டு என்பது ஒரு பெயரை மட்டும் குறிப்பதல்ல, வேட்பாளர்களை வரிசைப்படுத்துவது. போட்டியிடுபவர்கள் தங்கள் நோக்கத்தை எழுதித் தர வேண்டும், சமூகம் கேட்கும் கேள்விகளுக்கும் எழுத்திலேயே பதில் தர வேண்டும்.

நேராகப் போர்டுக்கு நிற்க வேண்டாம் என்பதே என் கருத்து. முதலில் ஒரு பணிக்குழுவில் ஒரு வருடம் இருங்கள். கூட்டக் குறிப்பு எழுதுங்கள். பதில் வராத மின்னஞ்சலுக்கு மூன்றாம் முறையும் பொறுமையாக எழுதிப் பாருங்கள். அது பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். உங்கள் நிறுவனம் இந்தத் தரவைப் பயன்படுத்துகிறது என்றால் மேலாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள், சமூகத்திடமும் சொல்லிவிடுங்கள்; பின்னால் தெரியவந்தால் உங்கள் நல்ல யோசனையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டிலும் கேளுங்கள். மாலை நேரங்கள் போகும்.

"எனக்கு அவ்வளவு ஆங்கிலம் வராது சார்" என்று சொல்பவர்கள்தான் அதிகம். போர்டு கூட்டங்கள் வீடியோவில் நடக்கின்றன, உறுப்பினர்கள் உட்கார்ந்து கேட்கலாம். இரண்டு கூட்டம் கேளுங்கள். அங்கே பேசுபவர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. தடுமாறித் தடுமாறித்தான் பேசுகிறார்கள், வேலை நடக்கிறது. உங்கள் அறிமுகத்தை முதலில் தமிழில் எழுதுங்கள், மொழிபெயர்ப்பை உட்கார்ந்து சேர்ந்து பார்க்க நான் தயார். அன்று அழுத அந்த மாணவி சென்ற மாதம் தன்னுடையதை அனுப்பினாள். 42 நாளில் இன்னும் ஒன்பது நாள் பாக்கி என்று கீழே எழுதியிருந்தாள்.