கொலாபரேட்டிவ் பிராப்ளம் சால்விங்: கூட்டுச் சிக்கல்தீர்வு

அடம், ஆத்திரம், பொருள்களை வீசி எறிதல் எனக் கடினமாக நடந்துகொள்ளும் குழந்தையைத் தண்டனையாலோ பரிசாலோ வழிக்குக் கொண்டுவர முயலாமல், அந்நடத்தையைக் கிளப்பிவிடும் சிக்கலைக் குழந்தையும் பெரியவரும் சேர்ந்து தீர்க்கும் முறையே 'கொலாபரேட்டிவ் பிராப்ளம் சால்விங்' எனப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் ராஸ் கிரீன் 1998இல் வெளியிட்ட நூலின் வழியே இம்முறை பரவலாக அறியப்பட்டது. முடிந்தால் எந்தக் குழந்தையும் நன்றாகவே நடந்துகொள்ளும் என்பது அவர் கொண்ட அடிப்படை. நடக்காதபோது குறைவது விருப்பம் அன்று, பொறுத்திருத்தல், திட்டம் மாறினால் ஏற்றுக்கொள்ளுதல், மனத்தில் உள்ளதைச் சொல்லுதல் போன்ற திறன்களே.

'கொலாபரேட்' இலத்தீன் வழிச் சொல். உடன் உழைத்தல் என்பது அதன் மூலப்பொருள். உறுப்புக்கு உறுப்பு அதற்கு நிகரான 'ஒத்துழைப்பு' தமிழில் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதினால் சொன்னதைக் கேட்கவில்லை என்றே படிப்பவர் கொள்வார்; உழைப்பு முழுவதும் குழந்தையின் கடமையாகிவிடும். பெரியவரும் தம் முடிவைத் தளர்த்திக்கொண்டு பேச முன்வர வேண்டும் என்னும் இம்முறைக்கு அச்சொல் பொருந்தாது என்பது என் கருத்து. 'கூட்டு' என்றால் இருவருக்கும் பங்கு உண்டு என்பது தெளிவாகிறது.

'பிராப்ளம்' என்பதற்குப் 'பிரச்சினை' வழக்கில் உண்டு. அதன் வடமொழி மூலத்துக்குக் கேள்வி என்று பொருள். இத்தகைய நடத்தையைக் குறிக்கும் 'சவாலான நடத்தை' என்பதிலுள்ள சவாலும் அரபியில் கேள்விதான். ஆனால் 'பிரச்சினைக் குழந்தை' என்ற வழக்கு பழியைக் குழந்தையின் மேல் ஏற்றிவிட்டது. 'சிக்கல்' அப்படியன்று; நூலிழையில் விழும் சிக்கைப் போல இடையில் நேர்வது அது. 'சால்வ்' என்பதன் இலத்தீன் மூலமும் தளர்த்துதல், அவிழ்த்தல் என்றே பொருள்படும்.

வீட்டுப்பாடம் என்றதும் புத்தகத்தை எறியும் குழந்தையிடம், கொந்தளிப்பு அடங்கிய வேறொரு வேளையில், "எழுதுவதில் எது கடினமாக இருக்கிறது?" என்று கேட்டு, விடை வரும்வரை பொறுத்திருப்பது முதல் படி. பிறகு பெரியவர் தம் கவலையைச் சொல்வார். இருவர் கவலைக்கும் பொருந்தும் வழியை இருவரும் தேடுவர். முதல் படியில் அறிவுரை நுழைந்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

கட்டுரைகளில் 'கூட்டுச் சிக்கல்தீர்வு' என்றும், பெற்றோரிடம் பேசுகையில் 'சேர்ந்து தீர்ப்பது' என்றும் வழங்கலாம்.