“இத்தனை வருஷம் பறந்துச்சே” என்று சொல்லாதீர்கள்

விபத்து நடந்தால் வெளியே “பழைய விமானம், அதான்” என்பார்கள். விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கருக்குள் இதே பேச்சு தலைகீழாக வரும்: “இந்த ஒட்டு இருபது வருஷமா தாங்குது, இனிமேலா போகப்போகுது?” எத்தனை விசாரணை அறிக்கை வந்தாலும் இது மட்டும் ஓயவில்லை.

1980 பிப்ரவரி 7, ஹாங்காங். சைனா ஏர்லைன்ஸின் போயிங் 747 ஒன்று இறங்கும்போது வால்பகுதி ஓடுபாதையில் உரசி, அடிவயிற்றுத் தகட்டில் கீறல்கள் விழுந்தன. அளவுக்கு மீறி ஆழமான கீறல் என்றால் தகட்டின் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். டபிளர், அதாவது மேலே ஒட்டாக அடிக்கும் தகடு, சேதத்தைத் தாண்டி நாலாபுறமும் போதுமான அளவு நீள வேண்டும். மே மாதம் நடந்த ரிப்பேரில் கீறல்களை அப்படியே விட்டு, மேலே டபிளர் அடித்து மூடினார்கள். 2002 மே 25 அன்று பெங்ஹு தீவுகள் அருகே நடுவானில் விமானம் உடைந்தது. 225 பேரும் போய்விட்டார்கள்.

“டபிளர் போட்டால் பலம் கூடத்தானே செய்யும்?” இங்கேதான் தப்பு. தகட்டின் சுமை, இரண்டையும் இணைக்கும் ஆணியான ரிவெட் வழியாகத்தான் டபிளருக்குப் போகும். கடைசி வரிசை ரிவெட்டுக்கு வெளியே டபிளரின் ஓரம் மூடியிருந்தாலும், அங்கே முழுச் சுமையும் தகட்டின் தலையில்தான். விரிசல் வளர்ந்தது சரியாக அந்த இடத்தில். வெளியிலிருந்து பார்த்தால் டபிளர் மறைக்கிறது. கீறல் வெளிமுகத்தில் என்பதால், விரிசல் தகட்டைத் துளைத்து வரும்வரை உள்ளிருந்தும் தெரியாது. துளைத்து நின்ற முக்கிய விரிசல் மட்டும் 15.1 அங்குலம்.

ஒவ்வொரு முறை ஏறும்போதும் கேபின் பிரஷரில் விமானத்தின் உடல் உப்புகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. அலுமினியத்துக்கு “இதற்குக் கீழே எத்தனை தடவை இழுத்தாலும் சோராது” என்ற எல்லை கிடையாது. பறந்த வருஷங்கள் ஆயுளில் கழிந்த கணக்கு, ஐயா.

ஜப்பான் ஏர்லைன்ஸின் ஃப்ளைட் 123 விபத்தும் இதே கதைதான். 1978-ல் வால் உரசியது. கேபின் பிரஷரைப் பின்னால் தாங்கும் சுவரான பிரஷர் பல்க்ஹெட் ரிப்பேரில் ஒரே துண்டாக வைக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டாக வெட்டி வைத்தார்கள்; இரண்டு வரிசை ரிவெட் செய்ய வேண்டிய வேலை ஒரு வரிசை மேல் விழுந்தது. 12,000 தடவைக்கு மேல் பறந்தது. 1985 ஆகஸ்ட் 12 அன்று 520 உயிர்கள்.

பழைய டபிளரைக் கண்டால் முதலில் ரிப்பேர் பதிவைத் தேடுங்கள். கீழே இருந்த சேதத்தை என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அந்த ரிப்பேரை நம்பாதீர்கள். இடுக்கை அடைக்கும் சீலன்ட் பசையைச் சுரண்டக் கத்தி எடுக்கவே கூடாது, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர்தான். கத்திக் கோடும் கீறல்தானே! ரிவெட் தலையிலிருந்து பின்பக்கமாகக் கறுப்புத் தடம் ஓடினால் அந்த ரிவெட் ஆடுகிறது.

2001 நவம்பரில் எடுத்த படங்களில் அந்த 747-ன் டபிளரைச் சுற்றிக் கறை தெரிந்தது. கறையைப் பார்த்தால் தயவுசெய்து உடனே துடைத்துவிடாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, லோ ஃப்ரீக்வன்சி எடி கரண்ட் (மின்காந்தத்தால் மறைந்த விரிசலைத் தேடும் சோதனை) வைத்துப் பாருங்கள். அப்போதும் சந்தேகம் தீரவில்லையா, டபிளரைக் கழற்றுங்கள்.