எதிர்காற்றில் சைக்கிள் மீட்டர் சொல்லாதது

ஆனி பிறந்துவிட்டால் கேரள-தமிழக எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் தென்னை ஓலைகள் எல்லாம் கிழக்குப் பக்கமே பறக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று ஆவணி வரை லேசில் ஓயாது. அதை நம்பித்தான் கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். இதே காற்றில் சைக்கிள் மிதித்துவிட்டு என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பாதிப்பேர் கையில் ஒரு மீட்டரும் இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதம், 54 வயது தேங்காய் வியாபாரி ஒருவர் வந்தார். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்ததால் சைக்கிள் ஓட்டச் சொன்னதே நான்தான். மகன் கோயம்புத்தூரிலிருந்து ஒரு சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தார். ஞாயிறுதோறும் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சி பக்கம் போய்த் திரும்புவார்.

“போறப்ப 24 காட்டுதுங்க டாக்டர். வர்றப்ப எப்படி மிதிச்சாலும் 13 தானுங்க. காலு சத்துப் போச்சுங்களா?”

காலில் ஒன்றுமில்லை. போகும்போது காற்று முதுகில், வரும்போது மார்பில். ஆனால் அவர் அந்த 13-ஐ எப்படியாவது 20 ஆக்கிவிட வேண்டும் என்று மூன்று ஞாயிறு போராடியிருக்கிறார். மூன்றாவது ஞாயிறு நாட்டுக்கல் அருகே கண் இருட்டி, சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். இசிஜியும் டிரெட்மில் சோதனையும் நன்றாக வந்தன. அன்று எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்றாற்போல் கூடும். 15 கி.மீ. வேக எதிர்காற்றில் நீங்கள் 20-ல் போனால், உடம்பின்மேல் மோதுவது 35 கி.மீ. காற்று. காற்றில்லாத நாளில் அதே 20-ல் போவதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு எதிர்ப்பு. மீட்டருக்கு இது தெரியாது. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நம் ஊர்க் காற்றில், மலையேற்றத்திலும்தான், வேகத்தை வைத்து உடற்பயிற்சியை அளக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் மீட்டர் வேண்டாமா? வேண்டும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் பழக்கம் விடாமல் தொடர்கிறது. அதற்கு விலை குறைந்த ஒயர் மீட்டரே போதும். சக்கரக் கம்பியில் ஒரு காந்தம், முன்பக்க ஃபோர்க்கில் ஒரு சென்சார், இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. ஜிபிஎஸ் கருவி போன வழியையும் ஏற்றத்தையும் காட்டும். ஆனால் அடிக்கடி சார்ஜ் போட வேண்டும். புது வழிகளில் நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அது சரி. தினமும் ஒரே ரோட்டில் போய் வருகிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஒயர் மீட்டரில் பலர் விடுவது சக்கரச் சுற்றளவு. 700×25 டயர் என்றால் சுமார் 2,105 மில்லிமீட்டர். நம் அப்பா காலத்து 28 அங்குல சைக்கிளுக்கு 2,220 பக்கம் வரும். முதல் அளவைப் போட்டுப் பழைய சைக்கிளில் மாட்டினால் நூற்றுக்கு ஐந்து குறைத்துக் காட்டும். டயர் வால்வு தரைக்கு நேராக இருக்கும்போது சிமென்ட் தரையில் ஒரு கோடு போடுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடியே மூன்று சுற்று உருட்டி, இன்னொரு கோடு போட்டு, நடுத்தூரத்தை டேப்பால் அளந்து மூன்றால் வகுத்தால் போதும்.

இனி இதயத்துடிப்பு. கருவி வாங்கப் பணம் ஒதுக்கினால் அதை இதற்கு ஒதுக்குங்கள், காற்றிலும் ஏற்றத்திலும் உடம்பு படும் பாட்டை இதுதான் காட்டும். மார்பில் கட்டும் பெல்ட் இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கிறது. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-ல் கொண்டுவந்த ஒயரில்லாத கருவியும் இந்த வழிதான். கைக்கடிகாரமோ தோலுக்குள் பச்சை வெளிச்சம் பாய்ச்சி, ரத்த ஓட்டம் கூடிக் குறைவதை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கியிருக்கும்போது, குண்டும் குழியுமான ரோட்டில் கை அதிரும்போது, அந்தக் கணக்கு தடுமாறும். சில சமயம் கால் மிதிக்கும் தாளத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். பெல்ட் பிடிக்காதவர்கள் மேல்கையில் கட்டும் சென்சாரைப் பார்க்கலாம், மணிக்கட்டை விட அது மேல்.

பெல்ட்டை உலர்ந்தபடி கட்டாதீர்கள். உள்பக்கப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால்தான் முதல் பத்து நிமிடமும் ஒழுங்காகக் காட்டும். பெரும்பாலான பெல்ட்களில் சிஆர் 2032 என்ற வட்ட பேட்டரி. அது தீரப் போகும்போதும் எண் துள்ளும். காற்றில் படபடக்கும் பாலியஸ்டர் பனியனும் திடீரென்று 220, 230 என்று காட்ட வைக்கும். நனைத்து, இறுக்கி, பேட்டரியும் மாற்றிய பிறகும் துடிப்பு தாறுமாறாகவே இருந்தால் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் இசிஜி எடுத்துவிடுங்கள். இதயத் தாளமே பிசகியிருக்கலாம்.

எந்த எண்ணைத் தாண்டக் கூடாது என்று கேட்பார்கள். உச்சத் துடிப்புக்கு 220-லிருந்து வயதைக் கழி என்ற சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். 2001-ல் வந்த இன்னொரு கணக்கு, வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கச் சொல்கிறது. 60 வயதுக்கு முதலாவது 160, இரண்டாவது 166. இரண்டுமே சராசரிதான். ஒரே வயதுள்ள இருவருக்குள் 20 துடிப்பு வித்தியாசம் சாதாரணமாக இருக்கும்.

இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், வயது 60. 110-லிருந்து 125-க்குள் இருக்கும்படி மிதியுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து, “மூச்சு இரைக்குது டாக்டர், மெஷின் 98-க்கு மேல ஏறவே மாட்டேங்குது” என்றார். அப்போதுதான் மாத்திரைச் சீட்டைக் கேட்டேன். வேறோர் இடத்தில் பிரஷருக்குக் கொடுத்த மெட்டோபுரோலால். அட்டெனோலால், புரோபுரனலால் எல்லாம் இதே குடும்பம், பீட்டா பிளாக்கர். இவை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அந்த 98-லேயே அவர் முழுமூச்சாக உழைத்துக்கொண்டிருந்தார். சீட்டை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இப்போது சூத்திரம் சொல்வதற்கு முன் எல்லோரிடமும் கேட்கிறேன். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எண்ணைத் துரத்த வேண்டாம், எண்ணுக்காக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. மிதிக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் நிதானம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள்.

பங்குனி, சித்திரை வெயிலில் ஒரே வேகத்தில் மிதித்தாலும் ஒரு மணி நேரத்தில் துடிப்பு பத்துக்கு மேல் ஏறும். வியர்வையில் நீர் குறைகிறது, தோலைக் குளிர்விக்க ரத்தம் அங்கே ஓடுகிறது. தண்ணீர் குடித்து வேகத்தைக் குறையுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ரத்தக்குழாய் அடைப்பை எந்த பெல்ட்டும் காட்டாது. நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத குளிர்ந்த வியர்வை, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல் வந்தால் திரையில் 110 இருந்தாலும் இறங்கிவிடுங்கள். தனியாக ஓட்டித் திரும்பப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும்.

தேங்காய் வியாபாரி இப்போது முதலில் மேற்கே சித்தூர் பக்கம் எதிர்காற்றில் போய், களைத்த பிறகு காற்றை முதுகில் வாங்கித் திரும்புகிறார். மீட்டரில் வேகம் வரும் பக்கத்தைத் திறப்பதில்லை. போன மாதம் பெல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது, இந்த ஞாயிறு போகலாமா என்று கேட்டார். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்கச் சொன்னேன். என் எதிரிலேயே உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பதினெட்டு வந்தது.