அந்த ‘ங்’ எங்கே போச்சுங்?

ஈரோட்டுப் பக்கம் பிறந்து சென்னையில் வேலை பார்ப்பவர் அலுவலகத்தில் பேசுவதையும், ஊரிலிருந்து அம்மா போனில் அழைத்ததும் பேசுவதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். "போகணும்" சட்டென்று "போகோணும்" ஆகும். "என்னோட வீடு" என்பது "என்ற ஊடு" ஆகும். வாக்கியக் கடைசியில் ஒரு ‘ங்’ வந்து உட்காரும். அழைப்பு முடிந்ததும் மூன்றும் காணாமல் போய்விடும். யாரும் தடை போட்டதில்லை. வகுப்பில் "கொச்சையா எழுதாதே" என்ற சிவப்பு மை, விடுதியில் சக மாணவர்கள் "ஏனுங்க" என்று இழுத்துக் காட்டிய கேலி, நேர்காணலுக்கு முன் யாரோ சொன்ன "கொஞ்சம் நார்மலா பேசு" எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. அப்படித் தொலைந்த கொங்குப் பேச்சைக் கவிதை எழுதி மீட்கலாம்.

கொச்சை வேறு, வட்டார வழக்கு வேறு. தொல்காப்பியம் எச்சவியலில் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கை அடுக்கி, ‘செய்யுள் ஈட்டச் சொல்லே’ என்று முடிக்கிறது. செய்யுள் செய்வதற்கான கச்சாப் பொருள் பட்டியலிலேயே திசைச்சொல், அதாவது அந்தந்தப் பகுதிக்கு உரிய சொல், இருக்கிறது. கொங்குப் பேச்சு நாவலில் அச்சேறியும் நாளாகிவிட்டது, ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ வெளிவந்தது 1942இல்.

இழந்த பேச்சை மீட்கக் கவிதை ஏன் தோதானது? அது சிறியது, வாய்விட்டுச் சொல்ல வேண்டியது. பத்து வரியில் பேச்சின் இழுவையும் மூச்சும் தப்பினால் உடனே காது காட்டிக்கொடுத்துவிடும். கட்டுரையில் ஒளிந்துகொள்ளலாம்.

முதலில் சேகரம். அப்பாரு, அமுச்சி, அப்புச்சி என்று தாத்தா பாட்டி யாராவது பேசும் நிலையில் இருந்தால் அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பலரும் செய்யும் தவறு, "இதுக்கு உங்க காலத்துல என்ன சொல்லுவீங்க?" என்று கேட்பது. அப்படிக் கேட்டதும் பெரியவர்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு ‘நல்ல தமிழுக்கு’ மாறிவிடுவார்கள். சொல்லைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். கம்மஞ்சோறு ஆக்கியது எப்படி, மாடு கட்டிக் கவலையில் கிணற்று நீர் இறைத்தது எப்படி, நோம்பிக்கு (பண்டிகைக்கு) ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தால் யார் ஆசாரத்தில் (முன்கூடத்தில்) உட்கார்ந்தார்கள், யார் வாசலோடு நின்றார்கள். கை வேலையை விவரிக்கும்போது வாய் தன்னை மறந்துவிடும். அதே ஊரில் வளர்ந்த இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, கேட்பவர் வாயை மூடிக்கொண்டால் இன்னும் நல்லது. ‘பழமை பேசுவது’ என்று கொங்கில் சொல்வது அதைத்தான்.

பதிவுக்குப் போன் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடித்த துண்டின் மேல் போனை வைத்து, பேசுபவருக்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். ஒரு அமர்வுக்கு அரை மணிக்கு மேல் வேண்டாம். அவர்கள் சம்மதத்தையும், ஊர், வயது, தேதியையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பத்து நிமிடப் பேச்சை எழுத்தாக்க ஒரு மணி நேரமாவது பிடிக்கும். குரலை எழுத்தாக்கும் செயலிகளை நம்ப வேண்டாம். அவை எழுத்துத் தமிழுக்கு இழுத்துச் சென்றுவிடும். தட்டச்சுப் பலகையின் தானியங்கித் திருத்தத்தையும் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் ‘ஊட்டுக்கு’ என்று அடித்தது ‘வீட்டுக்கு’ என்று நிற்கும், கவனிக்கவே மாட்டீர்கள். மூச்சு விடும் இடத்திலெல்லாம் ஒரு சாய்கோடு போடுங்கள். பின்னால் வரி உடைக்க வேண்டிய இடங்கள் பெரும்பாலும் அவைதான்.

இனி எழுத்து. கொங்குப் பேச்சு என்றதும் வரிக்கு வரி ‘ஏனுங்’ போடுவது சினிமாவிலிருந்து தொற்றிய நோய். அந்த ‘ங்’ அலங்காரம் இல்லை. மரியாதைக்குரிய ஒருவர் எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதற்கான அடையாளம். தனக்குள் நினைக்கும்போது ‘ங்’ வராது. மாட்டிடம் பேசும்போதும் வராது. ஆகவே கவிதை தொடங்குமுன் யாரிடம் பேசுகிறது என்று முடிவு செய்யுங்கள். ஆளே இல்லாத கவிதையில் ‘ங்’ வெறும் ஒட்டு மீசை.

ஒரு மாதிரி:

பொழுதோட வந்தா
இட்டேரியில ஆளில்லீங்
கிளுவ முள்ளு மட்டும்
சேலயப் புடிச்சு
சித்தெ இருங்குது

இருபுறமும் முள்வேலி போட்ட தோட்டத்துப் பாதை இட்டேரி. அந்த வேலியில் நிற்கும் முள்செடி கிளுவை. ‘பொழுதோட’ என்றால் மாலையில். இதையே "சற்று நேரம் இரு என்கிறது" என்று எழுதிப் பாருங்கள், முள் பிடியை விட்டுவிடும். ‘சித்தெ’யின் சுருக்கமும் ‘இருங்குது’வில் பேச்சும் பேசியதும் ஒட்டிக்கொண்டிருப்பதும்தான் அந்தப் பிடி. ‘ஆளில்லீங்’ ஒரு இடத்தில் மட்டும் வருகிறது. அது போதும், பேசுபவள் யாரோ பெரியவரிடம் சொல்கிறாள் என்று தெரிந்துவிடுகிறது.

எழுத்துக்கூட்டலை எழுதத் தொடங்குமுன்பே முடிவு செய்து, ஒரு பக்கத்தில் குறித்து வையுங்கள். ‘வந்துட்டான்’, ‘அவங்க’ போன்றவை தமிழ்நாட்டில் பல பக்கமும் வழங்குபவை. அவற்றால் ஊர் தெரியாது. ஊர் தெரிவது ‘சொல்லிப்போட்டு’, ‘வரோணும்’, ‘உன்ற’, ‘அக்கட்டால’ போன்ற இடங்களில். பத்து வரிக்கு நாலைந்து இடத்தில் அவை விழுந்தால் காது நிரம்பிவிடும். எல்லாச் சொல்லையும் உருக்குலைத்தால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிப்பதிலேயே களைத்துப்போவார். இழுவையைக் காட்ட ‘வாங்கோஓஓ’ என்று எழுத்தை நீட்டாதீர்கள். அந்தச் சொல்லை வரிக் கடைசியில் வைத்தால் குரல் தானாக நீளும்.

இன்னொரு கோளாறு, சொற்பட்டியல் கவிதை. பொடக்காலி, கட்டுத்தரை, அட்டாலி என்று வீட்டு இடங்களின் பெயர்களை அருங்காட்சியகம்போல் அடுக்குவது. பெயர்ச்சொற்கள் அகராதியிலேயே கிடைக்கும்; பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000இலேயே வந்துவிட்டது. பொருளைச் சரிபார்க்க அது நல்ல துணை, ஆனால் கவிதைக்குத் தேவை வினைமுடிபு, அதாவது ‘சொல்லிப்போட்டு’, ‘வரோணும்’ போல வினை முடியும் விதம். வினையில்தான் வட்டாரம் மூச்சு விடுகிறது. தாளம் வேண்டுமானால் கும்மிக்குப் போங்கள். வள்ளி ஒயில் கும்மியைப் பரப்பிய பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அந்த ஆட்டம் இன்றும் ஊர்களில் நடக்கிறது. காலடியோடு சேர்த்துக் கேட்டால் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்று புரியும்.

ஒரு விஷயத்தை மழுப்ப முடியாது. கொங்குப் பேச்சு ஒரே பேச்சு இல்லை. கோபிசெட்டிபாளையத்துக்கும் பொள்ளாச்சிக்கும் மாறும், சாதிக்குச் சாதி மாறும். வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்களும் அங்கே ஏராளம். எல்லோருக்கும் ‘ங்’ கிடைத்ததும் இல்லை. தாத்தாவின் பதிவில், தன்னைவிட மூத்த பண்ணையாளை அவர் ‘டா’ போட்டு அழைப்பது கேட்கலாம். அதைத் துடைத்துவிட்டுப் பாரம்பரியம் என்று கொண்டாடுவது பொய். இருப்பதை இருந்தபடி கவிதையில் வைக்கலாம். யாருக்கு ‘ங்’, யாருக்கு ‘டா’ என்பதே சில குடும்பங்களில் எழுத வேண்டிய கவிதை.

முடித்ததும் மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள், மேடைக் குரல் வேண்டாம். பிறகு பதிவில் பேசியவரிடமே போய்ப் படித்துக் காட்டுங்கள். "நாங்க இப்புடிச் சொல்ல மாட்டமே" என்று எந்த வரியில் நிறுத்துகிறார்களோ, அந்த வரியைத் திருத்துங்கள். "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டு வெட்கப்பட்டால், அந்த வரியைத் தொடாதீர்கள்.