பேமிற் காணியில் கட்டிய வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாமா?

வன்னியில் வீடோ கடையோ வாடகைக்குக் கொடுக்க நினைப்பவர் முதலில் காணிப் பத்திரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். உறுதிக் காணியா (உறுதி எழுதப்பட்ட தனியார் காணி), பேமிற் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி), அளிப்புக் காணியா (அரசு அளிப்புப் பத்திரம் கொடுத்த காணி) என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம்.

இரணைமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் காணிகள் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டவை. இது 1935ஆம் ஆண்டுச் சட்டம். பேமிற்காரர் எத்தனை இலட்சம் போட்டு வீடு கட்டியிருந்தாலும் நிலம் அரசினுடையது. பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் அதைக் குத்தகைக்குக் கொடுக்கவோ கைமாற்றவோ முடியாது. அப்படிப்பட்ட ஆவணத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தக் கூடாது; செய்தாலும் அது செல்லாது. நிபந்தனை மீறியதாக அறிவித்தல் வந்து பேமிற்றே ரத்தாகவும் இடமுண்டு. அளிப்புப் பத்திரம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரி என்று பலர் நினைக்கிறார்கள். குத்தகைக்கும் அடைவுக்கும் அதிலும் கட்டுப்பாடு உண்டு. பத்திரத்தில் அச்சிட்ட நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துவிட்டுப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள்.

உறுதிக் காணி என்றால் வேலை இலகு. ஆனாலும் ஒரு பிழை எங்கும் நடக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். வீட்டில் எழுதி, முத்திரை ஒட்டி, விதானையாரிடமோ சமாதான நீதவானிடமோ கையெழுத்து வாங்கிய கடதாசி இரண்டு வருடக் குத்தகை ஆகாது. பெரும்பாலும் அதை மாதாந்த வாடகையாகவே கொள்வார்கள்.

மாத வாடகைக்காரரை எழுப்ப ஒரு முழு மாத அறிவித்தல் வேண்டும். வாடகை மாதம் 1ஆம் திகதி தொடங்குகிறது, நீங்கள் 10ஆம் திகதி அறிவித்தல் அனுப்புகிறீர்கள் என்றால், அடுத்த மாதம் 10ஆம் திகதி போகச் சொல்லாதீர்கள். அடுத்த மாத இறுதி நாளை எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆள் போகவில்லையா? பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது எல்லாம் வினை. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் விடயத்தை நீதிமன்றுக்குக் கொண்டுவந்தால், அவரைத் திரும்பக் குடியிருத்த நீதவான் கட்டளையிடலாம். வீடு யாருடையது என்ற கேள்வி அங்கே எழாது. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக்குக் கொடுத்த இடத்தை மாவட்ட நீதிமன்றம் ஊடாகச் சுருக்கமான நடைமுறையில் மீட்க வழி தருகிறது. அதற்குப் போகும்போது ஒழுங்கான உடன்படிக்கை கையில் இருக்க வேண்டும்.

உடன்படிக்கையில் முற்பணம் எவ்வளவு, எந்தக் கழிவு போக எப்போது திரும்பும், மின்பட்டியல் யார் பெயரில், கையளித்த நாளில் மீற்றர் எத்தனை அலகு காட்டியது என்பவற்றையும் எழுதுங்கள்.