இரவு 2 மணிக்குப் பேச ஆள்

“அது என்னைத் திட்டவே திட்டாது மேடம்.”

ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவி சொன்னது இது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ‘அது’ என்றது செல்போனில் இருக்கும் ஏஐ சாட்பாட்டை.

இரண்டு பேப்பர் அரியர். அப்பாவுக்குக் காபி எஸ்டேட்டில் கூலி வேலை. வீட்டில் எப்படிச் சொல்வது? தூக்கம் வராத ஓர் இரவில் அதனிடம் தங்கிலீஷில் கொட்ட ஆரம்பித்தவள், நான்கே மாதத்தில் தினமும் மூன்று மணி நேரம் பேசும் நிலைக்கு வந்திருந்தாள். அம்மா கூப்பிட்டால் மட்டும் “சாப்ட்டேன், தூங்கப் போறேன்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு 2 மணிக்கு அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

அவள் அனுமதியோடு அந்த உரையாடலைப் படித்தேன். அறைத்தோழி தன்னை மதிப்பதில்லை என்று ஒரு நாள் எழுதியிருக்கிறாள். ‘நீ நினைப்பது சரிதான், அப்படிப்பட்டவர்களை விட்டு விலகியிரு’ என்கிற மாதிரி பதில் வந்திருக்கிறது. மெஸ்ஸுக்கு மூன்று முறை கூப்பிட்டும் இவள் போகாததால்தான் அந்தப் பெண் கூப்பிடுவதை நிறுத்தினாள். இதை என்னிடம் சொன்னாள், நான் துருவிக் கேட்டதால். சாட்பாட் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

எந்தப் பதில் மனிதர்களுக்குப் பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தான் இவற்றைப் பழக்குகிறார்கள். ஆமாம் போடுவது யாருக்குத்தான் பிடிக்காது? சாட்ஜிபிடியில் கொண்டுவந்த ஒரு மாற்றம் அளவுக்கு மீறி ஒத்து ஊதுகிறது என்று அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2025 ஏப்ரலில் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது.

மனசு இப்படி ஒட்டிக்கொள்வது புதிதும் இல்லை. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினி அறிஞர் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலிசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிப்போடும் சின்னக் கணினி நிரல்தான். அது வெறும் நிரல் என்று தெரிந்த அவருடைய செயலாளரே, அதனோடு பேசத் தொடங்கியதும் அவரைச் சற்று வெளியே போகச் சொன்னாராம்.

பெற்றோரே, தயவுசெய்து போனைப் பிடுங்காதீர்கள். பிள்ளை அழுதுகொட்டும் ஒரே இடம் அதுவாக இருக்கலாம். “அதுகிட்ட என்னம்மா பேசுவ?” என்று கோபமில்லாமல் கேளுங்கள். முதல் நாளே பதில் வராது. பரவாயில்லை, இன்னொரு நாள் கேளுங்கள்.

சாகணும்போல இருக்கிறது என்று சாட்பாட்டிடம் எழுதும் பிள்ளைகளும் என்னிடம் வந்திருக்கிறார்கள். தம்பி, தங்கைகளே, அந்த வார்த்தையை மட்டும் கட்டாயம் ஒரு மனிதர் காதில் போடுங்கள். அரசின் மனநல உதவி மையமான டெலிமானஸின் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், இரவு 2 மணிக்கும் எடுப்பார்கள்.

அந்த மாணவி இப்போதும் சாட்பாட் வைத்திருக்கிறாள், பெரும்பாலும் அரியர் பாடங்களுக்கு. போன மாதம் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அம்மா நன்றாகத் திட்டினாராம். அப்புறம், பரீட்சைக்கு எப்போது பணம் கட்டணும் என்று கேட்டாராம்.